நிழல் வரைந்த அலமாரி

காலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு ஸ்டோர் அக்கா மண்டியிடுகிறார். நீலக் கோட்டு, நீலக் கால்சட்டை, முழங்கால்களில் பழைய டியூபை வெட்டிக் கட்டிய இரண்டு ரப்பர் துண்டுகள். பிள்ளைகள் அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை முழங்காலாலேயே நகர்கிறார். இடுப்பில் தொங்கும் பத்தொன்பது சாவிகள் தரையைத் தட்டிக்கொண்டே கூட வருகின்றன. கையில் ஒரு குச்சி இருக்கிறது. நீளம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். பதினான்கு பிள்ளைகளின் உயரத்தையும் கூட்டிப் பதினான்கால் வகுத்து அறுத்த குச்சி அது. அதைச் சுவரோரம் நிறுத்தி, தன் கண்ணை அதன் நுனிக்குச் சமமாகக் கொண்டுவந்து, அலமாரியை ஒரு முறை பார்ப்பார்.

“நின்னுகிட்டுப் பாத்தா நமக்குத்தான் அழகா இருக்கும்” என்பார். “சாமான் வாங்க வர்றவன் எங்க நிக்கிறானோ அங்கேருந்து பாக்கணும்.”

சாமான் வாங்க வருகிறவர்களில் பலர் அந்த நேரத்தில் இன்னும் தூக்கம் கலையாமல் தாயின் தோளில்தான் இருப்பார்கள்.

இவர் பிள்ளைகள் அறையின் ஊழியர் அல்ல. அறை இருப்பது ஒரு பேருந்துப் பணிமனையின் கிழக்கு மூலையில். அங்கே வேலை செய்யும் தாய்மார் பதினொரு பேர் தம் பிள்ளைகளை அதில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா உண்டு. ஸ்டோர் அக்காவுக்குரிய இடம் முற்றத்தின் எதிர்ப்பக்கம், கம்பிவலை ஜன்னல் வைத்த கருவி அறை. வயது ஐம்பத்தொன்று. அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு ஆண்டுகள் நான்கு மாதங்கள் கழித்திருக்கிறார்.

கருவி அறையின் சுவர் முழுவதும் வெள்ளைப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதே வடிவம் கறுப்புச் சாயத்தில் வரையப்பட்டிருக்கும். பணிமனையில் இதற்கு நிழல் பலகை என்று பெயர். மெக்கானிக் ஒருவர் ஸ்பேனர் வாங்கினால், தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை அந்த நிழலின் மேல் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திருப்பித் தந்தால் டோக்கன் திரும்பக் கிடைக்கும். மாலையில் ஒரு நிழல் வெறுமையாக இருந்தாலும் அக்காவுக்கு நிலைகொள்ளாது. “எனக்கு ஒரு பல்லு விழுந்த மாதிரி இருக்கு, யார் வாயில வச்சிருக்கீங்க?” என்று ஜன்னல் வழியே குரல் கொடுப்பார். ஒரு முறை ஒரு முனை பதினாலு எம்.எம்., மறு முனை பதினைந்து என்றிருக்கும் பதினாலு பதினைந்து ஸ்பேனர் ஒன்று தெரியாமல் வண்டிக்குள் ஏறிப் போய்விட, அந்த வண்டி திரும்பும் வரை வீட்டுக்குப் போகாமல் ஜன்னலிலேயே நின்றார்.

சாவி வளையத்தை அவர் கழற்றியதை யாரும் பார்த்ததில்லை. “செருப்பில்லாமக்கூட வெளிய போயிருக்கேன், சாவி இல்லாமப் போனதில்ல” என்பது அவர் வாய்மொழி.

இப்படிப்பட்டவர் பிள்ளைகள் அறைக்குள் வந்தது நல்லெண்ணத்தால் அல்ல. அதையும் எழுதிவிட வேண்டும். அவருக்கு டயர் வைக்க இடம் வேண்டும். டயர்கள் வெயிலில் கிடந்து வெடிக்கின்றன என்று மூன்று விண்ணப்பங்கள் கொடுத்திருந்தார். மூன்றுக்கும் இடமில்லை என்றே பதில் வந்தது. இந்நிலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பின்னோக்கி வந்துகொண்டிருந்த பேருந்துக்குப் பின்னால் ஒரு மூன்று வயதுப் பையன் போய் நின்றுவிட்டான். ஓட்டுநர் பிரேக் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. பையன் அந்தப் பேருந்தின் விளக்கைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தான். பெயின்டிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகன் அவன். ஓடுகிற வேகத்தைப் பார்த்து ராக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் மேலாளர் உத்தரவு போட்டார். ஒரு மாதம் பார்ப்பது. முப்பதாம் நாள் பிள்ளைகள் வாசற்படியைத் தாண்டியது ஐந்து தடவைக்கு மேல் போனால் அறையை மூடுவது. மூடினால் இடம் ஸ்டோருக்கு. எத்தனை தடவை என்று எண்ணி எழுத, பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற என்னை வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். முதல் வாரம் நாளொன்றுக்குச் சராசரி நாற்பத்தொன்று. ஆயாம்மாவுக்கு அந்த எண்ணைக் காட்டியபோது, “நாப்பத்தொண்ணுதானா? என் காலு நூறுன்னு சொல்லுதே” என்றார்.

இரண்டாம் வாரத்தின் முதல் நாள், பத்து மணி ஐம்பது நிமிடத்துக்கு, ஸ்டோர் அக்கா இஞ்ச் டேப்போடு வந்தார். அறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். “அறுபத்துநாலு டயர் நிக்கும்” என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஆயாம்மா மடியில் ஒரு கைக்குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டு பார்த்திருந்தார். அறை போனால் அவர் வேலையும் போகும்.

அளந்து முடித்துத் திரும்பும்போதுதான் அக்கா அந்தப் பீப்பாயைப் பார்த்தார். பழைய ஆயில் பீப்பாயைப் பாதியாக வெட்டி, விளிம்பை மடக்கி, பொம்மைகளை எல்லாம் அதில் கொட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்து இரண்டு கால்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. கால்களுக்கு உரியவள் ஒரு கண்டக்டரின் மகள், நான்கு வயதுக்காரி. தலை பொம்மைகளுக்கு நடுவே புதைந்திருந்தது.

அக்கா கால்களைப் பிடித்துத் தூக்கி நேராக நிறுத்தினார்.

“என்ன தேடுற?”

“யானை.”

“கிடைச்சுதா?”

“யானை அடியில இருக்கு. நான் இன்னும் அடிக்குப் போகல.”

அக்கா ஆயாம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “எம்மா, இது என்ன, குப்பையா? ஒரு சாமான் வேணும்னா பிள்ளை எப்படித் தேடும்?”

“தேடாது. கொட்டும். கொட்டிட்டு வெளிய ஓடும்” என்றார் ஆயாம்மா. “உங்களுக்கென்ன, டயரை வரிசையா அடுக்குங்க.”

அக்கா “அஞ்சு நிமிஷம்” என்று சொல்லிப் பீப்பாயைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். அப்போது மணி பதினொன்று ஐந்து. எழுந்தபோது ஒன்று இருபது. முற்றத்துக்கு அப்பால் கம்பிவலை ஜன்னலில் ஏழு மெக்கானிக்குகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

பீப்பாயில் இருந்தவை நூற்று முப்பத்தேழு. ஒவ்வொன்றையும் அவர் பேருந்துச் சக்கர நட்டைக் கழற்றும் முப்பத்து மூன்று எம்.எம். சாக்கெட்டுக்குள் போட்டுப் பார்த்தார். “இதுக்குள்ள போறது எதுவும் பிள்ளை தொண்டைக்குள்ளயும் போகும்” என்றார். போனவை முப்பத்தொன்று. உடைந்தவை நாற்பத்து நான்கு. அவற்றில் பத்தொன்பதைத் தன் பட்டறையில் சரி செய்தார். சக்கரம் இழந்த மர யானைக்கு நான்கு பேரிங் சக்கரங்கள் கிடைத்தன. பொம்மைக் கடைகளில் விற்கும் எந்த யானையும் அப்படி ஓடாது. ஆக மிச்சம் எண்பத்தொன்று.

டயர் கேட்டு வந்தவர் ஏன் இதைச் செய்கிறார் என்று ஆயாம்மா நேராகவே கேட்டார்.

“இடம் எனக்கு வரட்டும், வராமப் போகட்டும். அதுக்காகக் குவியலைப் பாத்துட்டு எப்படிப் போறது? தூக்கம் வராதும்மா.”

அடுத்த மூன்று நாட்கள் அவர் செய்தது பெரிய தப்பு. கருவி அறையில் எது இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடியதோ அதையே இங்கேயும் வைத்தார். அலமாரிக்கு முன்னால் ஒரு கம்பிவலை, அதில் ஒரு சின்ன ஜன்னல், ஒரு பூட்டு. மதிய இடைவேளையில் உள்ளே நின்று, “ம், அடுத்தது யாரு?” என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வாசற்படி தாண்டியது ஒரே தடவை. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பூட்டிவிட்டுக் கருவி அறைக்குப் போனார். அன்று மாலைக்குள் எண்ணிக்கை ஐம்பத்தேழு. முன்னெப்போதும் இல்லாத அளவு.

“பொம்மையைப் பூட்டி வச்சா பிள்ளைங்க என்னை எடுத்து விளையாடும்” என்று ஆயாம்மா கலைந்த கொண்டையை முடிந்தபடி சொன்னார். “உங்க ஆளுங்க கேட்டு வாங்கட்டும். இதுங்க கேக்கிற சாதியில்ல. கை எட்டணும், அவ்வளவுதான்.”

அக்கா கம்பிவலையை அன்றே பிரித்தார். பூட்டை மட்டும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்து வந்ததுதான் இப்போது இருக்கும் அலமாரி. உயரம் எழுபது சென்டிமீட்டர். கதவு கிடையாது. பின்பலகை வெள்ளை. ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் நிழல் கறுப்பில் வரைந்திருந்தது. பிள்ளைகள் பிடித்து ஏறினாலும் சாயாதபடி, பதினேழு எம்.எம். தலை கொண்ட ஆறு போல்ட்டுகளால் சுவரோடு சேர்த்து முடுக்கினார்.

எண்பத்தொரு பொம்மைகளுக்கும் எண்பத்தொரு நிழல்கள் போட்டார். பத்தே நிமிடத்தில் எண்பத்தொன்றும் தரைக்கு வந்தன. கால் வைக்க இடமில்லாததால் பிள்ளைகள் வெளியே ஓடின. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். “தப்பு என்னுது. ஸ்டோர்ல இருக்கிறது எல்லாம் கவுன்டருக்கு வரக்கூடாது” என்றார். அன்றே அறுபத்தொன்றை எடுத்து மேலே உள்ள பீரோவில் வைத்தார். இருபது மட்டும் வெளியே. யார் எதை எடுக்கிறார்கள் என்பதையும் என் பதிவேட்டில் குறிக்கச் சொல்லியிருந்தார்; ஒரு வாரமாக யாரும் தொடாதது எது என்று சனிக்கிழமை கேட்டுக்கொள்வார். அதை உள்ளே அனுப்பி, உள்ளே இருப்பதில் ஒன்றை வெளியே விடுவார். திங்கட்கிழமை அது புதிதாக வாங்கியது போல வரவேற்கப்படும்.

டோக்கன்களும் வந்தன. பெரிய பழைய வாஷர்களைச் சாணை பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம். ராக்கெட்டுக்கு ஒரு பேருந்து, கண்டக்டர் மகளுக்கு ஒரு பூனை. வாசலோரம் ஒரு பலகையில் தொங்கும். பொம்மையை எடுத்தால், அந்த நிழலின் மேல் உள்ள மர முளையில் டோக்கனை மாட்ட வேண்டும். பொம்மையை வைத்தால் டோக்கன் கைக்கு வரும். இதை அவர் யாருக்கும் விளக்கவில்லை. தானே ஒரு முறை மெதுவாகச் செய்து காட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் கண்டக்டர் மகள் மற்ற பன்னிரண்டு பேருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். பதினான்காவது ஆள் ராக்கெட். அவன் வெளியே இருந்தான்.

அக்காவுக்கு இந்த அறையில் மிகக் கஷ்டமான வேலை, சும்மா நிற்பது. ஒரு பிள்ளை கட்டையைத் தலைகீழாகச் செருகினால் அவர் கை தானாக நீளும். முதல் நாள் ஒன்பது தடவை முன்னால் போய் ஒன்பது தடவை பின்வாங்கினார். ஒன்பதாவது தடவை ஆயாம்மா, “கையைக் கட்டிப்போடவா?” என்று கேட்டார். மறுநாள் முதல் அக்கா கோட்டுப் பையில் ஒரு போல்ட்டும் நட்டும் வைத்துக்கொண்டு வருகிறார். பிள்ளை திணறும்போது நட்டை ஏற்றுவார், முழுதும் ஏறியதும் இறக்குவார். ஒரு தடவை ஏறி இறங்க இருபது நொடி. என் பதிவேட்டில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

பதினெட்டாம் நாள் ராக்கெட் முதல் முறையாக அலமாரிக்கு வந்தான். மரப் பேருந்தை எடுத்தான். டோக்கன் மாட்டியது கண்டக்டர் மகள். அவன் தரையில் நான்கு நிமிடம் உருட்டிவிட்டுத் திரும்ப வைக்க வந்தான். யானையின் நிழலில் வைத்தான். நிழலின் தும்பிக்கை மட்டும் வெளியே தெரிந்தது. எடுத்தான். பந்தின் நிழலில் வைத்தான். இரு பக்கமும் பிதுங்கியது.

“அக்கா, சொல்லிக் குடுங்களேன்” என்றார் ஆயாம்மா, பொறுக்காமல்.

“சும்மா இரும்மா” என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நட்டு ஏறியது, இறங்கியது. அவன் பேருந்தைத் திருப்பினான், கவிழ்த்தான், முகர்ந்து பார்த்தான். நட்டு பதினோராவது தடவை ஏறிக்கொண்டிருந்தபோது பேருந்து பேருந்தின் நிழலில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

“உள்ள போச்சு!” என்றான் ராக்கெட். யாரிடமும் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னான். அன்று அவன் படி தாண்டியது இரண்டே தடவை.

அதன் பிறகு அவனுக்கு நிழல் பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, கைகால்களை விரித்து, “என்னையும் வரை” என்றான். அக்கா சுண்ணாம்புக் கட்டியால் அவனைச் சுற்றி வரைந்தார். காதுகளை விடவில்லை. அன்று முதல் பால் குடிக்கக் கூப்பிட்டால் அவன் தன் சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். மற்றப் பதின்மூன்று பேரும் தங்களையும் வரையச் சொன்னார்கள். அரைப் பெட்டி சுண்ணாம்புக் கட்டி தீர்ந்தது. கருவி அறை ஜன்னலில் அன்று காத்திருந்தவர் எண்ணிக்கை பதினொன்று. “அக்கா, எங்களுக்கும் ஒரு பொம்மை குடுத்தா நாங்களும் தொந்தரவு பண்ணாம இருப்போம்” என்று ஒருவர் கத்தினார். “உனக்குக் குடுத்தா திருப்பித் தரமாட்டே” என்று அக்கா முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினார்.

இருபத்தைந்தாம் நாள் ஒன்பது. இருபத்தெட்டாம் நாள் ஏழு. இருபத்தொன்பதாம் நாளும் ஏழு. அக்கா பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்குமோ?” என்றார். விட்டுப் போகவில்லை என்றேன். “இல்ல, கூட எழுதியிருப்பீங்களோன்னு கேட்டேன்” என்றார். கூடவும் எழுதவில்லை என்றேன். “உங்ககிட்ட கேட்டேன் பாருங்க” என்று போய்விட்டார்.

முப்பதாம் நாள் மூன்று மணிக்குள் ஐந்து ஆகிவிட்டது. நான்கு பிள்ளைகள், ஐந்து தடவை. இன்னொன்று விழுந்தால் அறை மூடும். பதினொரு தாய்மாரில் ஏழு பேர் ஏதோ ஒரு சாக்கில் முற்றத்தின் ஓரங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் அம்மா ஒரே கதவுக்கு மூன்றாவது முறையாகச் சாயம் பூசினார். மூன்று பத்துக்கு மேலாளர் வந்து வாசலுக்கு உள்ளே நின்றார்.

மூன்று பன்னிரண்டுக்கு முற்றத்தில் ஒரு பேருந்து பின்னோக்கி வரத் தொடங்கி, பீப் பீப் என்று கத்தியது.

ராக்கெட் மரப் பேருந்தைக் கையில் பிடித்தபடி எழுந்தான். ஓடினான். மேலாளரின் காலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். ஒரு பாதம் படியின் மேல். நான் பென்சிலை எடுத்துவிட்டேன். ஆயாம்மாவின் மடியில் கைக்குழந்தை, வாயில் புட்டி. அவரால் எழ முடியாது. அக்கா அலமாரியின் பக்கத்தில் நின்றார். ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. நட்டு மட்டும் படு வேகமாக ஏறியது.

ராக்கெட் கையில் இருந்த பேருந்தைப் பார்த்தான். வாசலோரப் பலகையில் தன் டோக்கன் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தான். வெளியே கத்தும் பேருந்தைப் பார்த்தான். சலித்துக்கொண்டது போல ஒரு மூச்சு விட்டுவிட்டு, திரும்பி அலமாரிக்கு ஓடினான். பேருந்தை நிழலில் வைத்தான். டோக்கனைக் கையில் எடுத்தான். இனி அவன் போகலாம். திரும்பினான். திரும்பும்போது பக்கத்து நிழலில் அந்த வாரம்தான் பீரோவிலிருந்து இறங்கியிருந்த பம்பரம் கண்ணில் பட்டது. டோக்கனை அங்கே மாட்டினான். பம்பரத்தோடு தரையில் உட்கார்ந்தான். வெளியே பீப் பீப் நின்றுபோனது. அவன் கவனிக்கவில்லை.

பணிமனையின் சங்கு நான்கு மணிக்கு ஊதியது. எண்ணிக்கை ஐந்து. ஐந்துக்கு மேல் இல்லை. மேலாளர் பதிவேட்டை வாங்கி ஐந்து கோடுகளையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“அஞ்சு சரிதான். ஆனா டயரும் வெயில்ல கிடக்குது. இந்த அலமாரியை ஒரு ஓரமாத் தள்ளினா பாதி இடமாவது உங்களுக்குத் தரலாமே. நீங்கதானே மூணு தடவை எழுதிக் கேட்டீங்க?”

“அலமாரி நகராது சார். ஆறு போல்ட்டு போட்டிருக்கு.”

“கழட்டிடலாமே.”

“கழட்டப் பதினேழு ஸ்பேனர் வேணும்.”

“ஸ்டோர்ல இல்லையா?”

“இருக்கு சார்” என்றார் அக்கா. “இஷ்யூ பண்ண மாட்டேன்.”

மேலாளர் சிரித்தார் என்று எழுத முடியாது. மீசையின் இடப்பக்கம் அசைந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ‘அறை தொடரும்’ என்று எழுதி, தேதியும் இட்டார். ஆயாம்மா புட்டியைக் கீழே வைத்துவிட்டு, கைக்குழந்தையின் முதுகைத் தட்டுகிற சாக்கில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டயர்கள் இன்றும் வெயிலில்தான் கிடக்கின்றன. நான்காவது விண்ணப்பம் அக்காவின் மேசையில் பாதி எழுதியபடி இருக்கிறது. அதில் கேட்டிருப்பது வேறு இடம்.

மேலாளர் போன பிறகு அக்கா அலமாரியின் முன்னால் வந்து நின்றார். யானை நிழலைவிட்டுச் சற்று விலகியிருந்தது. அதை நேராக வைக்கத்தான் கை நீட்டினார் என்று நினைத்தேன். ஆனால் அவர் அதை எடுத்துவிட்டார். அடிப்பக்கத்தைத் திருப்பி, தான் பொருத்திய சக்கரங்களில் ஒன்றை விரலால் சுண்டினார். அது சத்தமில்லாமல் சுழன்றது.

“டோக்கன்?” என்றது ஒரு குரல். கண்டக்டர் மகள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“அக்காதானேடி. இப்ப வச்சிடுவேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

இது கம்பிவலை ஜன்னலில் அக்கா தினமும் சொல்கிற வாக்கியம். முற்றத்தைத் தாண்டி இவள் காதுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. அக்கா கோட்டுப் பையில் கைவிட்டுப் போல்ட்டையும் நட்டையும் எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்து, மர முளையில் வைத்துப் பார்த்தாள். நிற்காமல் விழுந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முற்றத்தின் அப்பால் ஜன்னலில் யாரோ, “அக்கா, பதினாலு பதினஞ்சு!” என்று கூப்பிட்டார்கள்.

அக்கா இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். கொக்கி இறுகியிருந்ததால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. பத்தொன்பது சாவிகளும் கொண்ட வளையத்தைக் கழற்றி, யானையின் நிழலுக்கு மேல் இருந்த முளையில் மாட்டினார். பிறகு முழங்கால் ரப்பரைக்கூடக் கட்டாமல் தரையில் உட்கார்ந்து, யானையை ஒரு தள்ளு தள்ளினார்.